இருப்பா... பாக்கியா?

கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று நாலு பேரிடம் காட்டிச் சரிபார்க்கிற ஜனங்கள் நாம். மளிகைக் கடை பில்லில் புளி கால் கிலோவா, அரை கிலோவா என்று வாசலிலேயே நின்று பார்க்கிறோம். ஆனால், நாலு லட்ச ரூபாய் கடன் தருகிறோம் என்று வங்கி கொடுக்கிற அனுமதிக் கடிதத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படித்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணுங்கள். விரல் மிச்சம் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் புத்தகம், சினிமா என்று எதையாவது விமர்சிப்பது உண்டு. இந்த வாரம் மூன்று காகிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது, கல்விக் கடன் அனுமதிக் கடிதம். இரண்டாவது, அந்தக் கடனுக்கான வங்கி ஸ்டேட்மென்ட். மூன்றாவது, கல்லூரி அலுவலகத்தில் உங்கள் பிள்ளை பெயரில் இருக்கும் ஃபீஸ் கணக்கு. எழுதியவர்கள் யார் என்று தெரியாது. வாசகர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். புரிந்தவர்கள்தான் கம்மி.

ஏன் இது விமர்சனத்துக்கு உரிய விஷயம் என்கிறீர்களா? ஒரு நாவல் புரியாவிட்டால் மூடி வைத்துவிடலாம். இந்தக் காகிதங்கள் புரியாவிட்டால் பதினைந்து வருஷத்துக்கு மாதாமாதம் பணம் போகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

2001-ல் யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோதுதான் கல்விக் கடனுக்கு என ஒரு முழுமையான திட்டம் வந்தது. இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டத்தைத் தயாரித்தது. ரிசர்வ் வங்கி அதை எல்லா வங்கிகளுக்கும் அனுப்பிவைத்தது. நான்கு லட்ச ரூபாய் வரை சொத்துப் பத்திரம் எதுவும் கேட்கக் கூடாது, கையிலிருந்து முன்பணம் போடச் சொல்லக் கூடாது என்றது அந்தத் திட்டம். வீட்டுப் பத்திரமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வங்கியின் கண்ணாடிக் கதவு திறந்தது அப்போதுதான். அதுவரை பெண்ணைப் படிக்க வைக்க அம்மாவின் தாலிக்கொடியும், மூன்று வட்டிக்காரரும்தான் கதி. இந்தத் திட்டத்தை அதிகம் பயன்படுத்திக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகளில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகிற பல பேருடைய முதல் செமஸ்டர் ஃபீஸைக் கட்டியது ஏதோ ஒரு வங்கிக் கிளைதான். இதை மறந்துவிட்டு வங்கிகளைத் திட்டுவது நியாயம் இல்லை.

குறை திட்டத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது. அதைத்தான் பேசப் போகிறோம்.

* * *

முதல் காகிதம் அனுமதிக் கடிதம்.

இதில் கதாநாயகன் ஒரு வார்த்தை: 'மாரட்டோரியம்'. இதையே 'ரீபேமென்ட் ஹாலிடே' என்றும் போடுகிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் அன்பாகத் தமிழில் சொல்கிறார்: "படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேணாம் சார். அதுக்கு மேல ஒரு வருஷம் டைம் இருக்கு. பையன் வேலைக்குப் போய் கட்டிக்கட்டும்."

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால், 'ஹாலிடே' என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா என்ன புரிந்துகொள்கிறார்? இந்த ஐந்து வருஷமும் கடன் தூங்குகிறது என்று புரிந்துகொள்கிறார். தவணைக்குத்தான் லீவு. வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு வருஷ பொறியியல் படிப்பு. ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் வங்கி ஒரு லட்சம் கட்டுகிறது. மொத்தம் 4 லட்சம். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஒரு வருஷத்திலும் தனி வட்டிதான், கூட்டு வட்டி இல்லை. இதுவும் திட்டத்தின் நல்ல அம்சம்.

முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு நாலு வருஷம், 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. ஆக, வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். லீவு முடிகிற அன்று இந்த வட்டி அசலோடு சேர்க்கப்படுகிறது. அன்றைக்கு உங்கள் கடன் 4 லட்சம் இல்லை, 5,40,000.

பத்து வருஷத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது எட்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பணத்துக்கு விலை உண்டு; அதன் பெயர்தான் வட்டி. பி.காம். படித்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். என் கேள்வியே வேறு. 'நீங்கள் வாங்குவது 4 லட்சம். கட்டத் தொடங்கும் நாளில் அது ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரமாக இருக்கும்' என்று அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரி தடித்த எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அதே கடிதத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்துகொண்டிருக்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் வட்டி விகிதத்தில் 1 சதவிகிதம் குறைக்கலாம் என்று மாதிரித் திட்டம் சொல்கிறது. நம் கணக்கில் முதல் வருஷம் மாதம் 833 ரூபாய்தான் வட்டி. இரண்டாம் வருஷம் 1,667. மூன்றாம் வருஷம் 2,500. கடைசி இரண்டு வருஷங்களில் 3,333. கட்டக்கூடிய குடும்பங்கள் கட்டியிருந்தால், லீவு முடியும் அன்று கடன் வெறும் 4 லட்சம். தவணை 5,286 ரூபாய். அந்த 1 சதவிகிதச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமலே, கடைசியில் ஏறக்குறைய 82,000 ரூபாய் மிச்சம். இதை எத்தனை கவுன்ட்டரில் எடுத்துச் சொல்கிறார்கள்? 'ஒண்ணும் கட்ட வேணாம் சார்' என்பதுதான் காதுக்கு இனிமையாக இருக்கிறது. சொல்பவருக்கும் சுலபம், கேட்பவருக்கும் சந்தோஷம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கள். அப்பா சாட்சிக் கையெழுத்து போடுவதாக நினைத்துக்கொண்டு போடுகிறார். இல்லை ஐயா... நீங்கள் கூட்டுக் கடன்தாரர். பையன் பேரில் மட்டுமல்ல, உங்கள் பேரிலும் அது கடன்தான். தவணை தவறினால் பையனுடைய சிபில் மதிப்பெண்ணோடு உங்களுடையதும் இறங்கும். அடுத்த வருஷம் பெண் கல்யாணத்துக்கு லோன் கேட்டுப் போகும்போதுதான் பல அப்பாக்களுக்கு இது தெரியவருகிறது.

* * *

அடுத்தது ஸ்டேட்மென்ட்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'பாலன்ஸ்.'

சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கில் 'பாலன்ஸ் 12,000' என்றால் அது உங்கள் பணம். கடன் கணக்கில் 'பாலன்ஸ் 5,06,877' என்றால் அது உங்கள் கடன். கல்லூரிக் கணக்கில் 'பாலன்ஸ் 18,000' என்றால், அது நீங்கள் கட்ட வேண்டியதாகவும் இருக்கலாம், உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாகவும் இருக்கலாம். ஒரே வார்த்தை, மூன்று அர்த்தம்!

நம் மளிகைக் கடை அண்ணாச்சி இந்தத் தவறைச் செய்யவே மாட்டார். அவர் நோட்டில் 'பற்று' தனி, 'வரவு' தனி. கையில் இருந்தால் 'இருப்பு'. வர வேண்டியது இருந்தால் 'பாக்கி'. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்கும். தமிழில் இவ்வளவு தெளிவான வார்த்தைகள் இருக்கும்போது நாம் 'பாலன்ஸ்' என்ற ஒரு மூட்டைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு வங்கி பணம் அனுப்பிய ஒவ்வொரு தேதியும் 'டெபிட்' என்று இருக்கும். அதாவது பற்று. வட்டி போட்டதும் டெபிட். நீங்கள் கட்டியது 'கிரெடிட்', அதாவது வரவு. முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, தேதியை. எந்தத் தேதியில் எவ்வளவு கல்லூரிக்குப் போனதோ அன்றிலிருந்துதான் அந்தத் தொகைக்கு வட்டி ஓடும். அனுமதித்த தொகை 4 லட்சம் என்பதற்காக முதல் நாளே 4 லட்சத்துக்கும் வட்டி ஓடக் கூடாது. ஃபீஸ் ரசீதில் உள்ள தேதியும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தேதியும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். பேனாவும் பத்து நிமிஷமும் போதும்.

அடுத்து, தவணை. நம் உதாரணத்துப் பையன் வேலைக்குப் போய்விட்டான். மாதம் 7,136 ரூபாய் தவறாமல் கட்டுகிறான். ஒரு வருஷம் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்குகிறான். கட்டியது 85,600 ரூபாய்க்கு மேல். குறைந்தது? வெறும் 33,000 சொச்சம்!

"என்ன சார் இது, பாதிப் பணத்த காணோம்?" என்று அவன் கேட்பதில் தப்பே இல்லை. பணம் காணாமல் போகவில்லை. முதல் மாதத் தவணையில் 4,500 ரூபாய் வட்டிக்குப் போகிறது; 2,636 ரூபாய்தான் அசலைத் தொடுகிறது. மாதம் போகப் போக வட்டியின் பங்கு குறைந்து அசலின் பங்கு கூடும். எல்லா இ.எம்.ஐ.யும் இப்படித்தான். ஆனால், கல்விக் கடனில் ஒரு கூடுதல் வேதனை உண்டு. அவன் வாங்கியது 4 லட்சம். அந்த 4 லட்சத்துக்குக் கீழே கணக்கு இறங்குவதற்கே 45-வது தவணை ஆகிறது. மூன்றே முக்கால் வருஷம்! அதுவரை கட்டியதெல்லாம், அவன் மனசுக்கணக்கில், 'ஒண்ணுமே குறையல.'

இந்த இடத்தில்தான் பல பேர் மனசு விட்டுப்போய்க் கட்டுவதை நிறுத்துகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லை. கணக்கு புரியாததால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். வாராக் கடன் என்று வங்கிகள் அழுகிற அழுகையில் ஒரு பங்கு இந்தப் புரியாத காகிதத்தால் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

வட்டி மாறும்போது நடக்கும் கூத்து வேறு. 2022 மே மாதத்தில் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டியை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவிகிதத்துக்கு ஏற்றியது ரிசர்வ் வங்கி. மாறும் வட்டியில் இருந்த பல கடன்களில் தவணைத் தொகை அப்படியே இருந்தது. 'நல்லவேளை, தவணை ஏறவில்லை' என்று நிம்மதி. உண்மையில் ஏறியது காலம்! நம் உதாரணத்தில் 10 சதவிகிதம் 12 ஆகி, தவணை அதே 7,136 என்றால், 120 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 142 மாதம் தாண்டி இழுக்கும். ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதல். இதைச் சொல்லி ஒரு போஸ்ட்கார்டாவது வந்திருக்குமா?

இந்தக் குறை ரிசர்வ் வங்கிக்கே எட்டிவிட்டது. 2023 ஆகஸ்ட்டில் ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறினால் வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று உங்களைக் கேட்க வேண்டும். அத்தோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் தொகை என்ன, இன்னும் எத்தனை தவணை பாக்கி, ஆண்டு வட்டி விகிதம் என்ன என்பதைப் புரியும்படி எளிமையாகத் தர வேண்டும். தனிநபர் கடன்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்லும் பட்டியலில் கல்விக் கடனும் உண்டு. எனவே இது நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அதே மாதம் வந்த இன்னொரு உத்தரவுப்படி, தாமதத்துக்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது. மாறும் வட்டியில் உள்ள கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதமும் கிடையாது.

'புரியும்படி எளிமையாக' என்று உத்தரவில் இருக்கிறது, சரி. யாருக்குப் புரியும்படி? மேனேஜருக்கா, மாணவனின் அம்மாவுக்கா? நான் பார்த்த ஸ்டேட்மென்ட்டுகளில் இருப்பது சுருக்கெழுத்து ஆங்கிலம். ஒரு வரியில் நாலு எழுத்து, எட்டு எண், ஒரு சாய்கோடு. நாட்டில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். வங்கிகள் இன்னும் தந்தி பாஷையில்தான் எழுதுகின்றன!

ஸ்டேட்மென்ட்டில் கட்டாயம் தேட வேண்டிய இன்னொரு வரவு, வட்டி மானியம். 2009-10 கல்வியாண்டிலிருந்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட தொழிற்கல்விப் படிப்புகளுக்கு அந்த லீவு கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. இதற்காக ஒதுக்கப்பட்ட பொறுப்பு வங்கி கனரா வங்கி. தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழை உங்கள் கிளையில் கொடுத்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அந்த 1,40,000 முழுவதுமே இந்த மானியத்தில் போயிருக்கும். ஒரு சான்றிதழ், ஒன்றரை லட்சத்தில் கொஞ்சம் குறைவான பணம்! அது வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை வருஷத்துக்கு வந்தது என்று வரவுப் பத்தியில் விரல் வைத்துப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் இல்லாத பட்சத்தில், இந்த மானியம் கிடைக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மூன்றாவது, கல்லூரிக் கணக்கு. மூன்றில் மிக மோசமான படைப்பு இதுதான்.

வங்கிக் காகிதத்துக்கு ரிசர்வ் வங்கி என்று தலைக்கு மேலே ஒரு ஆள் இருக்கிறார். கல்லூரி அலுவலகத்து லெட்ஜருக்கு யார் இருக்கிறார்கள்? பல இடங்களில் அதை மாணவனுக்குக் காட்டுவதே இல்லை. கேட்டால், "உனக்கு எதுக்குப்பா லெட்ஜர்? ட்யூஸ் எவ்வளவுனு சொன்னா கட்டிட்டுப் போ" என்கிறார்கள். ஹால் டிக்கெட் வாங்குவதற்கு முந்தின நாள் 'பாலன்ஸ் இருக்கு' என்று நிறுத்துகிறார்கள். எதற்கான பாலன்ஸ்? பஸ் ஃபீஸா, விடுதியா, லேப் உடைத்ததா? துண்டுச் சீட்டில் ஒரு எண் மட்டும் இருக்கும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், கல்லூரிக் கணக்குக்குள் பணம் ஒரு வழியாக வருவதில்லை. வங்கி நேராக அனுப்புவது ஒன்று. அப்பா கையிலிருந்து கட்டுவது ஒன்று. அரசு தருவது ஒன்று. தமிழ்நாட்டில் 2010-11 முதல், கவுன்சலிங் வழியாகச் சேரும் முதல் பட்டதாரி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பணம் எப்போதும் அரசு வேகத்தில்தான் வரும். செமஸ்டரோ காத்திருக்காது. ஆகவே, 'முதலில் முழு ஃபீஸையும் கட்டுங்கள், அரசிடமிருந்து வந்ததும் பார்க்கலாம்' என்று சொல்கிற கல்லூரிகள் உண்டு. வங்கி முழுத் தொகையையும் அனுப்பிவிடுகிறது. எட்டு மாதம் கழித்து அரசுப் பணமும் வந்து சேர்கிறது. இப்போது கல்லூரிக் கணக்கில் உபரி. உங்கள் இருப்பு!

அந்த உபரி யாருடையது? கடன் பணத்தில் கட்டப்பட்ட ஃபீஸ் என்றால், அதற்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் வருஷமே 25,000 ரூபாய் இப்படி கல்லூரியில் தங்கிவிட்டது, யாரும் கேட்கவில்லை என்றால், ஐந்து வருஷத்தில் அந்தச் சும்மா கிடக்கும் பணத்துக்கு நம் உதாரண வட்டியில் 12,500 ரூபாய் தண்டம். உங்கள் பணம் கல்லூரியில் தூங்குகிறது. உங்கள் கடன் வங்கியில் விழித்திருக்கிறது. இரண்டு அலுவலகமும் ஒன்றோடு ஒன்று பேசாது. பேசவைக்க வேண்டியது நீங்கள்தான். அடுத்த செமஸ்டர் ஃபீஸில் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வங்கியிடம் கேளுங்கள் என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கலாம். அல்லது உபரியைக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லலாம். இரண்டில் எதைச் செய்தாலும் வட்டி குறையும்.

'காஷன் டெபாசிட்' என்று ஒன்று வாங்குகிறார்கள், ஞாபகம் இருக்கிறதா? சேரும்போது கட்டியது. படிப்பு முடியும்போது திருப்பித் தர வேண்டியது. கடனிலேயே இதையும் சேர்த்துக் கட்ட மாதிரித் திட்டத்தில் வரம்போடு இடம் உண்டு. டி.சி. வாங்குகிற சந்தோஷத்தில் இதைக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள் பிள்ளைகள். சின்னத் தொகைதான். ஆனால், ஒரு வகுப்பில் அறுபது பேர், ஒரு கல்லூரியில் எத்தனை வகுப்பு என்று பெருக்கிப் பாருங்கள்.

பாதியில் விலகுபவர்களின் கணக்கு இதைவிடப் பாவம். 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிக்கையில், கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகை. அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்கு முன்பு விலகினால் 90 சதவிகிதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாட்களுக்குள் 80. ஒரு மாதத்துக்குள் 50. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. சான்றிதழ் என்பது அடகுக் கடைச் சாமான் இல்லை. ஃபீஸ் பாக்கிக்காக அதைப் பூட்டி வைத்தால் பையன் வேலைக்கே போக முடியாது. வேலைக்குப் போகாமல் பாக்கியை எப்படிக் கட்டுவான்? இந்தச் சின்ன தர்க்கம்கூடப் புரியாதவர்கள் கல்லூரி நடத்துகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

* * *

கடைசியாக, இந்த மூன்று காகிதங்களின் மேலே நின்று பேசுகிற அரசியல்வாதிகள்.

2016, 2021 தேர்தல் அறிக்கைகளில் கல்விக் கடனைப் பற்றி வாக்குறுதிகள் இருந்தன. 'தள்ளுபடி' என்ற வார்த்தை காதில் விழுந்ததும், கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட யோசித்தார்கள். 'கட்டுனவன் ஏமாளி, கட்டாதவன் புத்திசாலின்னு ஆயிடுமோ?' நியாயமான பயம்தான். ஆனால், வாக்குறுதி காத்திருக்கும், வட்டி காத்திருக்காது. அறிவிப்பு வேறு, அரசாணை வேறு, உங்கள் கணக்கில் வரவு வேறு. மூன்றாவது நடக்கும் வரை கடன் கடன்தான்.

உண்மையிலேயே நடந்த நிவாரணம் ஒன்று உண்டு. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்தது. 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களுக்கு, 2013 டிசம்பர் 31 வரை நிலுவையில் இருந்த வட்டியை அரசே ஏற்கும். அதன் பிறகான வட்டியை மாணவர் கட்ட வேண்டும். ஏறக்குறைய 9 லட்சம் பேர், 2,600 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். கவனியுங்கள். ஏற்றது வட்டியை; அசலை அல்ல. அதிலும் ஒரு தேதிவரைதான். 'கடனே போச்சு' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்த வருஷமே நோட்டீஸ் வந்தபோது அதிர்ச்சி.

2016-ல் இன்னொரு அதிர்ச்சி. பாரத ஸ்டேட் வங்கி தன்னுடைய வாராத கல்விக் கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது தமிழ்நாட்டில் பெரும் கொந்தளிப்பானது. முகம் தெரிந்த மேனேஜரிடம் வாங்கிய கடனை, முகம் தெரியாத யாரோ வந்து கேட்கலாம் என்பது அன்றுதான் பல குடும்பங்களுக்குத் தெரிந்தது. மாணவனிடம் முழுத் தொகையையும் கேட்கிறவர்கள், வேறொரு கம்பெனிக்குத் தள்ளுபடி விலையில் கடனைக் கொடுக்கிறார்களே, அந்தத் தள்ளுபடியை மாணவனுக்கே கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாமே என்று அப்போது பலரும் கேட்டார்கள். எனக்கு இன்றுவரை அதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு சொத்து ஜாமீன் இல்லாமல் கடன். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவிகிதம் அரசு உத்தரவாதம். 8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், லீவு காலத்தில் 3 சதவிகித வட்டி மானியம். நல்ல விஷயம்தான். ஆனால், நல்ல ரேங்க் வாங்கிய கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு வங்கி எப்படியும் கடன் கொடுக்கும். பட்டியலுக்கு வெளியே, ஏதோ ஒரு ஊருக்குப் பக்கத்தில் பைபாஸ் ஓரத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குத்தான் புரியாத காகிதமும், கடுமையான கவுன்ட்டரும். உதவி தேவைப்படுகிற இடம் அதுதான்.

விமர்சனம் செய்துவிட்டு மாற்றுச் சொல்லாமல் போகக் கூடாது. நான் எழுதினால் அந்த ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தைத் தமிழில் ஆறே வரியில் எழுதுவேன்.

உங்களுக்காக நாங்கள் இதுவரை கல்லூரிக்குக் கட்டியது இவ்வளவு. அதற்கு ஏறிய வட்டி இவ்வளவு. நீங்கள் கட்டியது இவ்வளவு. அரசு கட்டியது இவ்வளவு. இன்றைக்கே முடிப்பதானால் பாக்கி இவ்வளவு. இப்போதைய தவணையிலேயே போனால் முடியும் மாதம், வருஷம் இது.

கல்லூரிக்கு மூன்றே வரி போதும். நாங்கள் கேட்டது எதற்கு, எவ்வளவு. வந்தது யாரிடமிருந்து, எவ்வளவு. மீதி, இருப்பா பாக்கியா.

இதற்குச் சட்டம் வேண்டாம், சாஃப்ட்வேர் புரட்சி வேண்டாம். ஒரு கிளை மேலாளரும் ஒரு கல்லூரிக் கணக்காளரும் மனது வைத்தால் நாளைக்கே முடியும். அவர்கள் வைக்கும் வரை நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்காக வங்கிக்குப் போகும்போது மேலே சொன்ன ஆறு வரிகளையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, எண்களுக்கு இடம் விட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பென்சிலால் நிரப்பிக் கொடுத்தால்கூடப் போதும். அந்தத் தாளைப் பையனுடைய சான்றிதழ் ஃபைலிலேயே வையுங்கள். வருஷா வருஷம் ஒரு தாள் சேரட்டும்.